இருநூறும் இருநூற்றறுபதும்

"முதல்ல அதை மறைங்க ஜொவிட்டா!"

"மறைக்க வரல சார், சரி பண்ணத்தான்..."

"ஊரே படிக்குதுங்கறேன், நீங்க..."

"படிக்கட்டும். நீங்கதான் இத்தனை வருஷமா படிக்கவே இல்லையே!"

பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்தில் படகுக் கம்பெனியின் சீட்டு அலுவலகம், காலை எட்டரை. கண்ணாடிக்கு வெளியே வரிசை. எல்லார் கையிலும் போன். கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தால் சீட்டுப் பதியும் பக்கம் வரவில்லை. அதை நடத்த ஜொவிட்டா பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்தான் வரிவரியாக வந்தது. சர்வரை அணைக்கவும் வழியில்லை. அணைத்தால் பத்து மணிப் படகுக்குக் கவுன்ட்டரிலும் சீட்டு அடிக்காது.

ஜொவிட்டா நிதானமாகப் பிழைப் பதிவைப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.

"நேத்து இதுல யாரு கை வச்சது?"

மேலாளர் அன்செல்மோ கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "புதுசு போடவான்னு மெஷின் கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்."

"பழைய பிஎச்பி போயிடுச்சு, புதுசு வந்து உக்காந்திருக்கு. ஆனா, இந்தக் கோப்புகளையெல்லாம் அதுகிட்ட குடுன்னு சர்வருக்குச் சொல்ற வரி இல்ல. அதான் ஓட்ட வேண்டியதை அப்படியே தூக்கி ஊருக்கு நீட்டுது. ஒரே வரி சார்."

"அப்ப போடுங்களேன்!"

எதை மாற்றினாலும் யார் சொல்லி, எந்தத் தேதியில் என்று பக்கத்திலேயே குறித்துவைப்பது ஜொவிட்டாவின் வழக்கம். மெஷின் அந்தக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடும். வெளியே நின்ற மீன்காரி தாண்டவில்லை, உரக்கப் படித்தாள்.

"'படகில் ஏற்றும் ஆள் கணக்கு இருநூறை இருநூற்றறுபது ஆக்கியது அன்செல்மோ சார் சொல்லி. வேண்டாம் என்றேன். மார்ச் மூன்று. ஜொவிட்டா.' அடியே, அந்தப் படகுலதாண்டி நாம நசுங்கிட்டுப் போனோம்!"

ஆள் அதிகமென்று அந்தப் படகைக் கடலோரக் காவல் படை பிடித்தபோது, நிரல் எழுதியவளின் தவறு என்று எழுதிக்கொடுத்தவர் அன்செல்மோ. அன்றே ஜொவிட்டாவை வெளியே அனுப்பினார்கள். அதன்பின் மூன்று கம்பெனிகள் அவள் பேரைக் கேட்டதுமே தலையாட்டி மறுத்துவிட்டன. இன்று காலை, வேறு யாருக்கும் அந்த நிரல் புரியாததால், அன்செல்மோவே அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"அந்த அறிக்கையிலேருந்து உங்க பேரை எடுக்கச் சொல்லிடறேன். வரியைப் போடுங்கம்மா."

"அன்னைக்கு 'அம்மா' வரலையே சார். 'வெளிய போ'ன்னுதானே வந்துச்சு."

அவள் அந்த வரியை அடித்தாள். சேமிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால், துறைமுக வாசலில் நின்ற கடலோரக் காவல் படை அதிகாரி மீன்காரியின் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு போனோடு அலுவலகக் கதவை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் பத்து மணிப் படகில், தளத்தில் இடமில்லாதவர்கள் மூட்டைகளின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஜொவிட்டா நாற்காலியைத் திருப்பினாள்.

"வரி ரெடி சார். அவர் உள்ள வந்ததும் அமுக்கிடறேன். அதுக்குள்ள நீங்களே உங்க வாயால சொல்லுங்க, அந்தப் படகு எத்தனை பேருக்கு?"