பொஸ்ரன் தேயிலையும் எங்கள் கடையும்

பள்ளிக்கூடத்தில் பேச வேண்டியதையெல்லாம் என் மகள் யதுர்ஷா எங்கள் கடையின் மீன் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் ஒத்திகை பார்ப்பாள். சாமான் வாங்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். படிப்பது ஒன்பதாம் வகுப்பு, வாய் மட்டும் வக்கீலுடையது. 2009 மாசியில் அவளுக்குக் கிடைத்த தலைப்பு, அமெரிக்கா பிரித்தானியாவின் கீழ் இருந்த காலம்.

"தேயிலைச் சட்டம் வந்தாப் பிறகு பொஸ்ரனில தேயிலை மலிஞ்சு போச்சு அம்மா. ஆனா சனம் வாங்க மாட்டமெண்டு நிண்டது."

"மலிவா வந்ததை ஆராவது வேண்டாமெண்டுவினமே?"

"விலை இல்லைப் பிரச்சினை. வரி போட்ட பாராளுமன்றத்தில அவைக்கு ஒரு ஆளும் இல்லை. ஆரைக் கேட்டுப் போட்டவை?"

அதற்கு முன்பே வியாபாரிகள் பிரித்தானியச் சாமான் இறக்குமதி செய்வதில்லை என்று கையெழுத்து வைத்தார்களாம். மீறியவர்களின் பெயரைப் பத்திரிகையில் போட்டார்களாம்.

"பேர் போட்டா?"

"ஒருத்தரும் அவையிட்டை வாங்க மாட்டினம்."

"பிறகு?"

யதுர்ஷா தாளைப் புரட்டினாள். "பிறகு நடந்தது என்ர வகுப்புச் சோபிகான்ர பகுதி. என்ர இவ்வளவுதான்."

நானும் சிரித்துவிட்டு வெண்டிக்காய் நிறுக்கப் போனேன்.

இலங்கைப் போரில், வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. என் தம்பியும் அங்கேதான் அகப்பட்டிருந்தான். அவனுடைய குரலைக் கேட்டு ஆறு வாரம். நாங்கள் குடியேறிய ரொம்மனிலும், அடுத்த ஸ்டோவ்னரிலும் எங்கள் ஆட்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பங்குனியில் ஒரு நாள் சிவானந்தன் தாளோடு கடைக்கு வந்தார். பஸ் ஓட்டுகிறவர், ஊர்வலம் என்றால் ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும்.

"இனிச் சிறீலங்காச் சாமான் விக்கிறேல்லை எண்டு எல்லாக் கடைக்காரரும் கையெழுத்து வைக்கினம். நீங்களும் வையுங்கோ அக்கா."

வைத்தேன். மனதார வைத்தேன். ஆனால் பின்னறையில் முப்பது பெட்டி இலங்கைத் தேயிலை இருந்தது, முழுக் காசும் கட்டி இறக்கியது. என் மனுசனுக்குத் தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரில் கட்டட வேலை, மாதத்தில் ஒருமுறைதான் வருவார். யோசனை கேட்க ஆளில்லை. தேயிலையை வெறும் பைகளில் கொட்டி, 'அசாம்' என்று எழுதி ஒட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாதம் பிறந்தால் கடை வாடகை கட்ட வேண்டும்.

இந்த நாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டேன். ஒரு கடதாசித் துண்டைக்கூடக் கண்ட இடத்தில் போடக் கை வராது. வெறும் பெட்டிகளை ஒழுங்காகத் தட்டையாக்கி, எங்கள் அடுக்குமாடியின் கடதாசித் தொட்டியில் அடுக்கி வைத்தேன். ஒவ்வொன்றிலும் இலங்கைத் தேயிலையின் அடையாளமான, வாள் பிடித்த சிங்கம் நின்றது. மடைச்சி, அதை யோசிக்கவில்லை. பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளை எறியப்போன யதுர்ஷா ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அப்ப இது அசாம் இல்லை."

"சத்தம் போடாதை பிள்ளை. இருக்கிறது முடியுமட்டும்தான். பிறகு எடுக்க மாட்டன்."

"மாமா அங்கை பங்கருக்கை கிடக்கிறார். நீங்கள் கையெழுத்தும் வைச்சிட்டு..."

"என்ர தம்பியைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தராதை!" என்று கத்தினேன். "உன்ர காலில கிடக்கிற சப்பாத்தும் இந்தக் கடையாலதான் வந்தது!"

யதுர்ஷா அந்தப் பெட்டியைத் தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை, வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒருவரும் இல்லை. கறிவேப்பிலை கட்டுக்கட்டாக வாடிக் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் ரீ-பான் ரயிலால் இறங்கி யதுர்ஷா ஓடிவந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, கதவைப் பூட்டுங்கோ. வருகினம்."

"ஆர்?"

"எங்கட ஆக்களின்ர கூட்டத்தில எல்லாரும் ஒரே கோபம். வன்னியில ஆஸ்பத்திரிக்குச் செல் அடிச்சது எண்டு செய்தி வந்தது. அதோடை ஆரோ எங்கட கடையைச் சொன்னவை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் சிவானந்தன் அங்கிளிட்டைக் கடையின்ர பேர் மட்டும்தான் குடுத்தனான் அம்மா. வாங்காமல் விடுவினம், அவ்வளவுதான் எண்டு நினைச்சனான்."

பெற்ற பிள்ளை. அடிக்கக் கை எழும்பியது, அப்படியே அவளைக் கட்டிப்பிடித்தேன். பிறகு கதவைப் பூட்டினேன்.

நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு என்ன அரிசி பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். ஒருவரும் கோஷம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சிவானந்தன் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"அக்கா, பிள்ளையை வெளியில விடுங்கோ. அவ உண்மையைச் சொன்ன பிள்ளை. எங்கட ஆள்."

யதுர்ஷா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நான் போக மாட்டன் அம்மா."

அவருக்குப் பின்னால் நின்ற பெடியன்களின் கைகளைப் பார்த்தேன். ஒரு கையும் வெறுமையாக இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் பிள்ளைக்கும் விழும். திறப்பைப் போட்டுக் கதவை ஒருச்சாய்த்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே தள்ளிவிட்டு, மறுபடி பூட்டினேன்.

"அம்மா!" என்று கண்ணாடியில் அடித்து அழுதாள். சிவானந்தன் அவளைத் தோளில் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முதல் கல் அவளுடைய தலைக்கு மேலால் வந்தது.