எதுக்காவது ஆகும்

பழைய இரும்புக் கடையின் பின்பக்கம் ஆள் உயரத்துக்குக் கிடந்த குவியலின் முன்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குக்கர் மூடி வந்தது. அவர்களுடையது இல்லை. ஒரு சைக்கிள் மட்கார்டு வந்தது. அதுவும் இல்லை. தகரம் ஒன்று விரலைக் கீறிவிட, விரலை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தேடினாள்.

"என்னம்மா தேடறீங்க? சொன்னா நானே எடுத்துத் தர மாட்டேனா?" கடைக்காரர் தராசுப் பக்கத்தில் இருந்தபடியே கேட்டார்.

"திங்கக்கிழமை எங்க வீட்டுலேர்ந்து ஒரு வண்டிச் சாமான் வந்துச்சே. எல்லாத்துலயும் நூல்ல அட்டை கட்டித் தொங்கும்."

"ஓ, அந்தச் சீட்டுக் கட்டின சாமானா?" அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "படிச்சுப் படிச்சுச் சிரிச்சோம் போங்க. ஆஸ்பத்திரி மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் என்ன வியாதி, என்ன மருந்துன்னு எழுதி வச்சிருந்துச்சு."

"எங்க அது எல்லாம்?"

"அது அன்னைக்கே பிரிச்சாச்சும்மா. செம்பு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். இந்த வாசலுக்குள்ள வந்தது எதுவும் முழுசா தங்காது." சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எந்தச் சாமான் வேணும்?"

"எதுவானாலும் சரி. எங்களதா இருக்கணும்."

அவர் குவியலைச் சுற்றிப் போய், எதையோ நகர்த்தி, எதையோ உதைத்து, கடைசியில் ஒரு பச்சை மேஜை ஃபேனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது ஒண்ணுதான் மிச்சம். உள்ள இருந்த செம்புச் சுருளை உருவியாச்சு. ஒயரை மட்டும் இன்னும் வெட்டலை. வெறும் கூடும்மா இது. இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஃபேனின் கழுத்தில் அட்டை அப்படியே இருந்தது. நுணுக்கி நுணுக்கி எழுதும் அவள் வீட்டுக்காரரின் எழுத்து. 'கன்டென்சர் வாங்கணும். மத்தபடி நல்லா இருக்கு.'

ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போகிறவள் மாதிரி வீட்டுப் பக்கம் நடந்தாள். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. நின்றால் நேரமாகுமே என்று நிற்காமல் நடந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். வேலை முடிந்து ஒருநாளும் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. தெருவில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் அது ராத்தங்குவது இவர்கள் வீட்டில்தான். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். அதனாலேயே தெருவில் அவருக்கு 'ஆகும் அண்ணன்' என்று பேர். கொண்டு வந்ததை ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்து, என்ன கோளாறு என்று அட்டையில் எழுதிக் கட்டிவிடுவார். அதோடு சரி. கேட்டால், "ஒரு சாமான்தான் வாங்கணும், ஓடிடும்." அந்த ஒரு சாமான் மட்டும் வந்ததே இல்லை.

முன்னறை முழுக்க அவைதான். மூன்று மிக்ஸிகள், வால் அறுந்த இஸ்திரிப் பெட்டிகள், ஏழு சுவர்க்கடிகாரங்கள். ஏழும் ஏழு நேரம் காட்டும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு வழி. ஒருக்களித்து நடந்து நடந்தே தன் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். காலில் எதாவது இடித்துக்கொண்டால் மட்டும் சிரிப்பு வராது.

"நீங்க கண்ணை மூடுங்க, மறுநாள் முதல் வேலை இதையெல்லாம் எடைக்குப் போடறதுதான்."

"அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிடுவேன்."

நாற்பது வருஷமாக இதே பேச்சு, இதே பதில். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வார்களாம். இந்த வீட்டில் இதுதான் கொஞ்சல் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவுக்கே மனப்பாடம்.

அவருக்கு வயிற்றில் வந்தது என்ன என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் மகளிடம் சொன்னார். மகள் அம்மாவிடம் சொன்னாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அவரிடம் மட்டும், வயிற்றில் புண், மெல்ல ஆறிவிடும் என்று சொல்வதாக அம்மாவும் மகளும் படிக்கட்டில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். "அவர் பயந்தாங்கொள்ளிடீ. ஊசி போட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. இருக்கிற நாளை நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள். அவரும் நம்பினார். அடுத்த செக்கப்புக்கு பஸ்ஸிலேயே வந்துவிடலாம், வண்டி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாடகைக்குக் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும் வைக்க இடம் வேண்டும். அளவெடுக்க வந்தவர் முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். "இதுல கட்டில் போடணுமா? முதல்ல நான் உள்ள வர்றதுக்கு வழி சொல்லுங்க."

மகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருப்பவள். எதையும் வரிசைப்படி செய்வாள். வீட்டைக் காலி செய்வது எப்படி என்று போனில் பார்த்துவிட்டு, வாசலில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டாள். வைக்க, கொடுக்க, போட. "ஒரு வருஷமா தொடாத எதையும் வச்சுக்கக்கூடாதும்மா. கையில எடு, மூணு எண்ணு, முடிவு பண்ணு. யோசிச்சே, போச்சு."

அவள் எண்ணவே இல்லை. எல்லாவற்றையும் 'போட' வட்டத்துக்கே கொண்டுபோனாள். மூன்று நாள். முதல்நாள் அழுதுகொண்டே தூக்கினாள். இரண்டாம் நாள் தரை தெரிந்தது. அந்தத் தரையில் பூ வேலை செய்த ஓடு பதித்திருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். மூன்றாம் நாள், கழுவிவிட்ட அந்த ஓட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக நடந்து பார்த்தாள். அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததே, அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள். 'வைக்க' வட்டத்தில் அவருடைய முக்காலி ஒன்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அவர் தலையைத் தூக்கினார். இந்தச் சுவரைப் பார்த்தார், அந்தச் சுவரைப் பார்த்தார். கடிகாரங்கள் இருந்த இடத்தில் ஏழு வெள்ளை வட்டங்கள். பிறகு அவளைப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு செக்கப் எப்போது என்று கேட்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் பார்க்க வந்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். உள்ளே வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிப் பார்த்தாள். "என்னக்கா இது, இவ்வளவு பெரிய ரூமா உங்களுக்கு! அண்ணன் கண்ணை மூடினாத்தான் இதெல்லாம் கிளம்பும்னு சொல்லிட்டே இருப்பீங்க..." பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதுதான் இன்னும் மோசம்.

கட்டிலிலிருந்து அவர் மெல்லச் சிரித்தார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா டீச்சர். கொஞ்சம் முந்திக்கிட்டா, அவ்வளவுதான்."

அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. அவரிடம் டாக்டர் சொல்லவில்லை, மகள் சொல்லவில்லை. அவளேதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் வீட்டையே கழுவித் துடைத்துச் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருஷமாக விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தையை, கட்டில் போட இடம் தேடிய அவசரத்தில், அவளே மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை.

இனி என்ன சொல்வது? விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று சொன்னால், நீங்கள் சாகப்போவது உண்மை என்று ஆகிவிடும். சொல்லாமல் விட்டால், இவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே போய்விடுவார். விடிய விடிய இதே நினைப்பு. விடிந்ததும் மகளிடம்கூடச் சொல்லாமல் இரும்புக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். ஒரே ஒரு சாமான் கண்ணில் பட்டால் போதும், மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் எழுந்ததும் பார்க்கலாம் என்று பொய் சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள். "எங்கம்மா போனே? என்ன இது, மறுபடியும் தூக்கிட்டு வந்திருக்கே?"

"சும்மா இரு."

முக்காலியை இழுத்து, அவர் கண்ணுக்கு நேராகப் போட்டு, அதன் மேல் ஃபேனை வைத்தாள். தூசியைத் தன் கையாலேயே துடைத்தாள். அட்டையை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. எல்லாம் பத்திரமா இருக்கு. தெரிஞ்சவங்க வீட்டுல அடுக்கி வச்சிருக்கோம். கட்டில் போடணுமேன்னுதான். இதை மட்டும் எடுத்துட்டு வந்தேன். ஒரு கன்டென்சர்தானே."

அவர் வெகுநேரம் ஃபேனைப் பார்த்தார். முப்பத்துநாலு வருஷம் மோட்டார் பிரித்தவர். பின்பக்கத்து மூடி தளர்ந்து தொங்குவதை அவர் கண்ணிலிருந்து மறைக்க முடியுமா.

"எதுக்கு இது? இடத்தை அடைக்கும். போட்டுடு."

"இருக்கட்டுங்க. எதுக்காவது ஆகும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல. ஆகாது."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. மகள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு கரண்டி தண்ணீர் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள். மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். தெரு அடங்கிக் கிடந்தது. ஆக்சிஜன் மெஷின் புஸ்ஸென்று இழுத்து, புஸ்ஸென்று விட்டது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் சால்டரிங் கம்பி சுட்ட பழைய தழும்புகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். யோசித்தே பொழுது போனது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கித் தரையிலிருந்த பூ ஓட்டுக்கு வந்தது.

கடைசியில், போனால் போகிறது, தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நான் விளையாட்டுக்குத்தான் சொல்லுவேன். நிஜமா இல்ல. அந்தக் குப்பையெல்லாம் அப்படியே இருந்திருக்கலாம். நான் ஒருக்களிச்சே நடந்திருப்பேன்."

மெஷின் இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. இவ்வளவு நேரமும் தான் கேட்டுக்கொண்டிருந்தது மெஷினின் மூச்சை மட்டும்தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. எப்போதிலிருந்து என்பது தெரியவில்லை. மகள் வந்து மெஷினை நிறுத்தும்வரை அவள் கையை விடவில்லை.

சாயங்காலம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிப்போவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவர் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் இருந்த இடத்தில், தெருவிலிருந்து இரவல் நாற்காலிகள் வந்து முன்னறையை நிறைத்தன. வந்தவர்கள் எல்லாருமே ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"நல்லவேளை, இடம் பண்ணி வச்சீங்க. இல்லேன்னா அண்ணனை எங்க கிடத்தியிருப்போம்?" என்றார் ஒருவர்.

"எல்லாம் அவங்க முன்யோசனை" என்றார் இன்னொருவர், நல்லவிதமாகத்தான்.

அவள் தலையை ஆட்டினாள். முக்காலியை யாரோ உட்கார எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் தரையில் இருந்தது. போகிற வருகிறவர் காலில் இடறியது. ஒருவர் மூலைக்கு நகர்த்தினார். இன்னொருவர் மூலையிலிருந்து சுவர் ஓரத்துக்கு நகர்த்தினார். அது எங்கே போகிறதோ அங்கே அவள் கண்ணும் போனது.

கூட்டத்தில் புழுக்கம் தாங்கவில்லை. மேலே ஓடிய ஃபேனின் காற்று கட்டில் பக்கம் எட்டவில்லை. எதிர்வீட்டு டீச்சர்தான், தன் வாயால் வந்ததற்குக் கையாலாவது எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவள் போல, அந்தப் பச்சை ஃபேனைத் தூக்கி அவர் தலைமாட்டில் வைத்தாள். ஒயரைப் பிரித்து பிளக்கில் செருகினாள். சுவரில் சுவிட்சைப் போட்டாள். ஃபேனில் ஒன்றை அழுத்தினாள், இரண்டை அழுத்தினாள், மூன்றை அழுத்தினாள். றெக்கையை விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டாள். அரைச்சுற்று வந்து நின்றது.

"அக்கா, இது ஓடாதா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஃபேனின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"ஓடும்" என்றாள். "ஒரு கன்டென்சர்தான் வாங்கணும்."

டீச்சர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சுவரில் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. ஃபேன் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றது.