பழைய விலை, புதிய கரண்டி

குழம்புப் பானைக்குள் கரண்டியை விட்டதுமே அவள் கைக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. கனமே இல்லை, குழியும் சின்னது. கிடங்கின் கேன்டீனில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பரிமாறுகிறவள். பழைய கரண்டியைக் கழுவும் தொட்டியில் தேடினாள், காணோம்.

"அதத் தேடாத. இனிமே இதுதான்" என்றார் கேன்டீன் காண்ட்ராக்டர். "எண்ணெய் விக்கிற விலைக்கு நான் வேற என்ன பண்றது? கம்பெனிக்காரங்க சாப்பாட்டு விலைய ஏத்தவே கூடாதுங்கிறாங்க."

"ஆளுங்க என்னையத்தானண்ணே கேப்பாங்க?"

"நீ பாட்டுக்கு ஊத்து. அவ்வளவு சீக்கிரம் யாருக்குத் தெரியப் போகுது?"

சங்கு ஊதியதும் மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். வாசலில் மேனேஜர் ஒட்டியிருந்த தாளை ஒருவன் உரக்கப் படித்தான். இந்த விலைவாசியிலும் சாப்பாட்டு விலை உயராதாம். சிலர் கை தட்டினார்கள். முதல் தட்டில் குழம்பு விழுந்ததும் கைதட்டல் அடங்கிவிட்டது.

"என்னக்கா, இது குழம்பா, காதுக்கு விடுற சொட்டு மருந்தா?" என்றான் நெட்டையன்.

வரிசை சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. நெட்டையனுக்குப் பின்னால் நின்றது அவள் புருஷன். அத்தனை கண்களும் அவள் கையையே பார்த்தன. அதே கரண்டியால் அதே அளவுதான் ஊற்றினாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "எனக்குக்கூடவா கை வரல?"

"கூட ஊத்தியிருந்தா உன்னத்தான் பிச்சு எடுத்திருப்பாங்க."

"அரை வயித்தோட மூட்ட தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்."

அவள் தன் பங்குச் சோற்றில் பாதியை அவன் தட்டில் தள்ளினாள்.

வாரக் கடைசியில் நெட்டையன் லாரிப் பலகையிலிருந்து மூட்டையோடு சரிந்தான். முட்டி விலகிவிட்டது. அன்று ஒருவரும் தட்டை நீட்டவில்லை. மேசையில் கவிழ்த்துப்போட்டுத் தட்டினார்கள். சத்தம் கேட்டு மேனேஜரே வந்தார்.

"நான் குடுக்கிற சாமான் குறையவே இல்ல சார்" என்றார் காண்ட்ராக்டர். "நடுவுல எங்க போகுதுன்னு இவ பையத் தொறந்து பாருங்க."

பையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அடிப்பிடித்த சோறு இருந்தது.

"வீணாப் போகுது, எடுத்துட்டுப் போன்னு நீங்கதானண்ணே தினம் சொல்வீங்க?" என்றாள். காண்ட்ராக்டர் மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கரண்டியக் கொஞ்சம் பாருங்க சார்" என்றாள் அவள்.

மேனேஜர் கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசாத்தான இருக்கு. இதுக்கென்ன?"

புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். "சார்…" என்று ஆரம்பித்தான். "நீயும் இவகூடப் பங்கா?" என்று மேனேஜர் கேட்டதும் பின்னால் நகர்ந்து கூட்டத்துக்குள் நின்றுகொண்டான். அவளை அப்போதே வெளியே போகச் சொன்னார்கள்.

மறுநாள் பாக்கிச் சம்பளம் வாங்க வந்தவளைக் காவலாளி வெளியே நிற்கவைத்தார். கம்பிக் கதவு வழியாகக் கேன்டீன் தெரிந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சாப்பாட்டுக் காசைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எல்லாரும் வரிசைக்கு வந்திருந்தார்கள். அவள் புருஷன் முறை வந்தது. கதவுப் பக்கம் திரும்பாமலே அவன் தட்டை நீட்டினான்.