கொயோட்டி இல்லாத காட்டில் குகநேசனின் ஊளை

1.

“குளிக்கிற அறைக்குள்ள நிண்டு ஊளையிடுற மனுசனை வைச்சுக்கொண்டு நான் எப்பிடியப்பா சம்பந்தியின்ர முகத்தில முழிக்கிறது?”

“மெல்லக் கதையும் சிறி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“உங்கட ஊளை கேக்காதாம். நான் கதைக்கிறதுதான் கேக்குமாம்.”

குகநேசனுக்கும் சிறிதேவிக்கும் பக்கத்து வீடு நான்தான். இரண்டும் கேட்டது. இந்தக் கதை பிறந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வரிசை வீடுகளின் நடுச்சுவர் மெல்லியது. நான் உட்கார்ந்து எழுதுகிற கதிரையை அந்தச் சுவரோரம் நகர்த்தி வைத்தவளும் நானே. (அங்கேதான் வெளிச்சம் நல்லாக விழுகிறது என்று என் மனுசனுக்குச் சொல்லியிருக்கிறேன். தை மாதத்து ஒஸ்லோவில் எந்த வெளிச்சம் என்று அவர் கேட்கவில்லை.)

2.

இந்தக் கதையை முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: “பனி மூடிய வடதிசைக் காட்டில், தன்னந்தனியாக ஒரு மனிதன்...”

விட்டுவிட்டேன். குகநேசன் பஸ் ஓட்டுகிறவர். தன்னந்தனியாக நின்றால் உடனே போனை எடுத்து யாருக்காவது அடிப்பார். வினையே அதில்தான் தொடங்கியது.

மகன் கவிசன் நோராவைக் கட்டப்போகிறான். நோராவின் தகப்பன் ஸ்வெய்ன், பெண்சாதியை இழந்தவர், வேட்டைக்காரர். ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்கு வாருங்கள், பனிக்குள் உட்கார்ந்து குரல் குடுத்து நரியைக் கூப்பிடுவோம் என்று சம்பந்தியை அழைத்திருந்தார். அங்கே போய் விறகுக்கட்டை மாதிரி இருக்கக் குகநேசனுக்கு மனமில்லை. கனடாவிலிருக்கிற மச்சான் இரவீந்திரனுக்கு அடித்தார். எங்கள் சனத்துக்கு வீட்டுக்கடன், முழங்கால் ஒப்பரேசன், மணவறைச் சோடினை எல்லாவற்றுக்கும் கனடாதான் கோட்டு, கச்சேரி; அங்கே சொன்னதுதான் தீர்ப்பு.

மச்சான், கலியாணமொன்றுக்கு இஞ்சை வந்த ஆரிடமோ ஒரு ஊதுகுழல் குடுத்துவிட்டார், பயித்தம்பணியாரத்தோடு. கொயோட்டி மாதிரி ஊளையிட்டுக் கொயோட்டியைக் கூப்பிடுகிற குழல். “நரியும் கொயோட்டியும் ஒரு குடும்பமடாப்பா. நீ ஊளையிடு, அது ஓடிவரும்.”

[கொயோட்டி, ஓநாய்க்குத் தம்பி மாதிரியொரு வட அமெரிக்கப் பிராணி. நோர்வேயில் இல்லை. அதன் ஊளை கேட்டால் நரி வரவும் வராது, வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். நான் கூகிளில் பார்த்தேன். குகநேசன் பார்க்கவில்லை. மச்சான் சொன்ன பிறகு என்னத்தைப் பார்க்கிறது?]

3.

குளியலறையில் பழகி, பிறகு வேலை முடிந்து வருகிற வழியில் ரயில் முடிகிற இடத்துக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் நின்று ஊளையிட்டார். நரி வரவில்லை. அயலவர்களின் பேஸ்புக் பக்கத்தில் செய்தி வந்தது: காட்டில் ஓநாய்.

சிறிதேவி வேலை செய்வது பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில். பொறுப்பாளர் எமிலி, விசயம் தெளியும்வரை பிள்ளைகளின் காட்டு உலாத்தலை நிறுத்தினார். பிள்ளைகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று அழுதார்கள்.

“ஓநாய் என்ன சாப்பிடும்?” என்று ஒரு சின்னன் கேட்டது.

சிறிதேவிக்குத் திட்டமாகத் தெரியும். நேற்றுப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டது. “தெரியாது” என்றாள்.

எமிலியும் கேட்டார். “நீ காட்டுப் பக்கம்தானே சிறி, உனக்கு ஏதும் கேட்டதா?”

“இல்லை.”

(இந்த இடத்தில் எனக்கு அவளில் ஐமிச்சம். கறியில் உப்புக் கூடினால் விருந்தாளி வாயில் வைக்குமுன் தானே சொல்லிவிடுகிற பெண். அவள் பொய் சொல்வாளா? இரண்டு தரம் அடித்துத் திருத்திப் பார்த்தேன். சொல்லத்தான் சொன்னாள்.)

காரணம் உண்டு. ஓநாய் என்றால் தடம் பார்க்க வருகிற ஆட்களில் ஸ்வெய்னும் ஒருவர். உண்மை வெளியில் வந்தால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு யோசிப்பார்கள். இந்த வீட்டுக்குள்ளா எங்கள் பிள்ளை வரப்போகிறாள் என்று. சொல்லாவிட்டாலோ பிள்ளைகள் கதவடியில்.

4.

தொடக்கத்தில் நீங்கள் கேட்ட சண்டை அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அவர் திரும்பவும் குளியலறையில் ஊதிப் பார்த்தபோது நடந்தது. “இண்டைக்குக் கடைசித்தரம்” என்று சொல்லிக் குழலோடு குகநேசன் காட்டுக்குப் போய்விட்டார். பின்னாலேயே கவிசன் போன் அடித்தான்.

“அம்மா, நோராவின்ர அப்பா உங்கட பக்கக் காட்டிலதான் நிக்கிறார். ஊளையிட்டுத்தானாம் தேடுறது. ஓநாய் இருந்தால் பதில் குடுக்குமாம்.”

சிறிதேவி வீட்டுச் சட்டைக்கு மேல் குளிர்ச்சட்டையைக் கொழுவிக்கொண்டு ஓடினாள். குப்பை போடுகிற சாட்டில் நானும் போனேன். குப்பைத்தொட்டி மற்றப் பக்கம் என்பதை அவள் கவனிக்கவில்லை.

காட்டு விளிம்பில் நின்றோம். இந்தப் பக்கமிருந்து ஒரு ஊளை. அந்தப் பக்கமிருந்து பதில் ஊளை. உடனே திரும்பவும் குகநேசனின் குழல், சந்தோசத்தில் நடுங்கி நடுங்கி. இவ்வளவு நாளும் ஒரு குருவிகூடத் திரும்பிப் பாராத மனுசன் பாவம்.

அவள் அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஊளையிடும்போது போனை அமத்தி வை என்பது மச்சானின் கட்டளை.

இரண்டு ஊளையும் கிட்டக் கிட்ட வந்தன. ஸ்வெய்ன் கண்டு சொல்லுமுன் தானே சொல்லிவிட, சிறிதேவி கண்ணை மூடிக்கொண்டு எமிலிக்கு அடித்தாள்.

“எமிலி, அது ஓநாயில்லை. என்ர மனுசன். திங்கட்கிழமை பிள்ளையளைக் காட்டுக்கு விடுங்கோ.”

எமிலி சிரித்தது நான் நின்ற இடத்துக்கும் கேட்டது. அதேநேரம் காட்டுக்குள் இரண்டு ஊளையும் நின்றன.

5.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. சுவர் இருந்தால் காதை வைத்திருப்பேன், மரங்களில் எப்படி வைப்பது?

ஒரு முடிவு: ஸ்வெய்ன் பனியில் விழுந்து சிரிக்கிறார். இன்னொன்று: ஒருவரையொருவர் காணாத மாதிரி வேறு வேறு வழியால் திரும்புகிறார்கள். (வெட்டிவிட்டேன். ஒன்றாகத்தான் வந்தார்கள்.) மூன்றாவது: கண்ணீர் மல்கக் கட்டித்தழுவிக்கொண்ட சம்பந்திகள்... இல்லை, ஸ்வெய்ன் கைகுடுக்கவே யோசிக்கிற ஆள்.

நான் கண்டது இவ்வளவுதான். முழங்கால்வரை பனியோடு இருவரும் வெளியே வந்தார்கள். குழல் ஸ்வெய்னின் கையில் இருந்தது.

“என்னப்பா நடந்தது?”

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி போடும்.”

அதற்குமேல் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சிறிதேவி கேட்டாள், நோரா கேட்டாள், நான் ஒரு தட்டு வடையோடு போய்க் கேட்டேன். வடை மட்டும் முடிந்தது. ஆகவே அந்தப் பக்கத்தை உங்களுக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன். நிரப்பினால் எனக்கும் சொல்லுங்கள்.

கவிசனுக்கும் நோராவுக்கும் கோடையில் கலியாணம் நடந்தது. இருவரும் பேர்கனுக்குப் போய்விட்டார்கள். மகள் போன வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று ஸ்வெய்ன் தன் வீட்டை விற்றுவிட்டு எங்கள் வரிசைக்கே குடிவந்தார். என் மற்றப் பக்கத்து வீடு.

அந்தச் சுவரும் மெல்லியதுதான். கதிரையை நடுவில் போட்டிருக்கிறேன்.