பதினான்காவது அட்டை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் டைரக்டர் மூன்று மாதமாகக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் என்றால் ஏதோ பெரிய ஆள் இல்லை. பதினேழு வயது, என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தின் படப் பிரிவில் நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. அவள் இயக்கம், நான் எடிட்டிங், நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடும் தோழி சவுண்டு. மூன்று மாதத்துக்கு முன் சுண்டெலி சைக்கிளில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றே வளர்ந்தவள். டைரக்டர் எங்களோடு சேர்ந்து ஒன்றரை வருடம்தான். ஆனால் சாவு வீட்டில் சுண்டெலியின் அம்மா யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்? அவளை. எனக்கு அழுகையே வரவில்லை, மரம் மாதிரி வாசலில் நின்றேன். "பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பாசம்" என்று வந்தவர்கள் எல்லாம் அவள் முதுகைத் தடவினார்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வருடக் கடைசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். இரண்டு தோழிகள், ஒருத்தி போய்விடுகிறாள், மற்றவள் என்ன ஆகிறாள் என்று டைரக்டர் கதை சொன்னாள். அந்த மற்றவள் யாராம்? நான் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியுமே. முதலில் ஒன்றரை நிமிட டிரெய்லர். அதற்கான திட்டத்தை டீச்சர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கேமராவே கையில் கிடைக்கும். ஒரு ஷாட்டுக்கு ஓர் அட்டை, மூலையில் எத்தனை வினாடி என்ற எண். பதின்மூன்று அட்டைகளைப் பலகையில் குத்தியாயிற்று. காலியான பெஞ்சு, பூட்டிய சைக்கிள், ஈரமான கைக்குட்டை. கைக்குட்டை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா!

பதினான்காவதை அவள் குத்தினாள். "மாடிப்படி. கறுப்புத் திரை. சுண்டெலி குரல். ஆறு வினாடி."

"என்ன குரல்?" என்றேன்.

"போன படத்துக்கு, நீ காய்ச்சல்னு வராத அன்னிக்கு மாடிப்படியில எடுத்தோமே, அது. மெமரி கார்டுல இன்னும் இருக்கு. நீ கேட்டு வெட்டிக் குடுடி."

"ஏன், மகாராணிக்குக் காது இல்லையா?"

"என்னால அவ குரலைக் கேக்க முடியாதுடி. நீயே முழுசாக் கேளு." கண் கலங்கிவிட்டது. சரி, குழாயைத் திறந்தாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இல்லாத நாள் பார்த்து எடுத்ததுதான் இவளுக்கு வேண்டுமாம். ஊர் முழுக்க அதைப் போட்டுக் காட்டி, சுண்டெலிக்கு நான்தான் எல்லாம் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். பந்திக்குக் கடைசியில் வந்தவளுக்குத் தலைவாழை இலை!

எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டினேன். படம் எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது வினாடி பதிவு செய்ய வேண்டும். சுண்டெலியின் வேலை அது. வாயாடிக்கு முப்பது வினாடி வாயை மூடுவது தவம் மாதிரி. "நூலகம், வெறும் சத்தம், எல்லாரும் கப்சிப்" என்று அவள் குரல் வந்ததும் மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் மின்விசிறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நூலகத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன்.

அடுத்தது மாடிப்படி.

"மாடிப்படி, வெறும் சத்தம்." இரண்டு வினாடி அமைதி. பிறகு ஒரு 'களுக்'.

"ஏய், சிரிக்காத, டேக் பாழாப் போகுது."

"நீதான்டி சிரிக்கிற!" இது டைரக்டர் குரல்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். விக்கல் மாதிரி நடுவில் மூச்சு இழுத்துச் சிரிப்பாள் சுண்டெலி. அந்தச் சிரிப்பு என்னோடு இருக்கும்போது மட்டும்தான் வரும் என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஒன்பதாவது வினாடியில் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டியிருந்தது. கடைசி வரை கேட்காமல் எதையும் ஒதுக்காதே என்பதுதான் எடிட்டிங்கில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பாடமாவது ஒண்ணாவது! குறிப்புத்தாளில் எழுதினேன்: "மாடிப்படி. என்ஜி. காற்றுச் சத்தம்."

என்ஜி என்றால் உதவாது என்று அர்த்தம். சரி என்று குறித்ததை மட்டும், கேமராவும் கார்டும் வைத்திருக்கும் ஸ்டோர் அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிறகு கார்டைச் சுத்தமாக அழித்து அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவார். தாளை நீட்டினேன். "எல்லாம் பார்த்துட்டியாம்மா?" என்றார். "பார்த்துட்டேன்க்கா." பொய் சொல்ல நாக்கு கூசவில்லை. போகும் வழியில் விசிலடித்துக்கூட நடந்தேன்.

மூன்று நாள் கழித்து, டீச்சரிடம் காட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், டைரக்டர் கம்ப்யூட்டரில் தேடினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மாடிப்படி எங்கடி?"

"என்ஜி. ஒரே காத்து."

"மாடிப்படியில ஏது காத்து? ஜன்னலே கிடையாதே."

அவள் ஸ்டோருக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கார்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கபடி மேட்சைப் பதிவு செய்துவிட்டார்களாம்.

"நீ கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் இளிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"அதுக்கப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? "நிறுத்திட்டேன்" என்றேன். "காத்தெல்லாம் இல்ல. எனக்குப் புடிக்கல. அதான் என்ஜின்னு போட்டேன்."

அவள் கையிலிருந்த நோட்டால் என் தோளில் ஓங்கி அடித்தாள். "அடிப்பாவி! அது உன்னைப் பத்திடி! அவ பேசினது பூரா உன்னைப் பத்திதான்! இந்தப் படமே நீயும் அவளும்தான்டி. நீயாக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னுதானே சொல்லாம வெச்சிருந்தேன்!"

பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சொன்னா?"

"சொல்ல மாட்டேன். போ."

"உன் கால்ல விழறேன். என்ன சொன்னா?"

வெகுநேரம் கழித்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "'அவகிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிடும். எனக்கு ஏதாவதுன்னா முதல்ல வந்து திட்டுவா, அப்புறம்தான் என்ன ஆச்சுன்னு கேப்பா. இன்னிக்கு வரல பாரு, திட்டே வாங்காம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.' அவ்வளவுதான். அப்புறம் சிரிச்சா."

மூன்று மாதமாக வராத அழுகை வந்தது. அழகாகவெல்லாம் இல்லை, மாடு கத்துவது போல. டைரக்டர் என் முதுகைத் தடவினாள். தட்டிவிட்டேன். திரும்பவும் தடவினாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

சொன்னாள். இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் எல்லாம் இவளுடைய குரலில்தான் வந்தது. சுண்டெலி அதைச் சொல்லக் கேட்ட காது இந்த உலகத்தில் இவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.