அறிவித்த ஹோட்டல்

தலைநகரில் பெரிய மனிதர்கள் தங்கத் தகுந்த ஹோட்டல்கள் இரண்டுதான். ஆற்றங்கரையில் உச்சி முதல் அடிவரை கண்ணாடியாய் நிற்கும் புதியது ஒன்று. நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழையது இன்னொன்று. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. சமாதானம் பேச வரும் வெளிநாட்டுத் தலைவரை எதில் தங்க வைப்பது என்ற பொறுப்பு பாதுகாப்பு அதிகாரியின் தலையில் விழுந்தது.

இதில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு ஹோட்டலின் பெயரை ஊரறிய அறிவிப்பார்கள், வாசலில் கொடியும் கட்டுவார்கள். தலைவரோ சத்தமில்லாமல் மற்றதில் போய் இறங்குவார். குண்டு வைக்கிறவன் அறிவித்த இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. இந்த முறை நிச்சயம் வைப்பான் என்று உளவுத்துறை சொல்லியிருந்தது. தங்கியிருப்பவர்களை ஏதாவது சாக்குச் சொல்லிக் காலி செய்துவிடுவார்கள். வேலைக்காரர்கள் மட்டும் இருப்பார்கள். ஆளே இல்லாத ஹோட்டலை யார் நம்புவார்கள்?

அதிகாரி இரண்டையும் சுற்றிப் பார்த்தார். புதியதற்கு ஒரே வாசல், பின்னால் ஆறு. பழையதில் சலவைக்கூடத்துக்கு ஒரு கதவு, சமையலறைக்கு ஒன்று, போதாக்குறைக்கு மொட்டை மாடிக்கு இரும்பு ஏணி. நேற்று வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரன்கூடத் தலைவரைப் புதியதில் வைத்துவிட்டுப் பழையதைத்தான் அறிவிப்பான்.

ஆனால் பழையதில் அவருடைய அக்கா இருந்தாள், அறை சுத்தம் செய்யும் பெண்களுக்குச் சூப்பர்வைசராக. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். இன்றும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் குட்டக்கூடிய ஒரே ஆள்.

"தலைவர் பழசுலயே தங்கட்டும் சார். புதுசுல எங்க பாத்தாலும் கண்ணாடி," என்றார் மேலதிகாரியிடம்.

"நீ சொன்னா சரியாத்தான்யா இருக்கும்," என்றார் மேலதிகாரி.

டிவியில் ஆற்றங்கரை ஹோட்டலின் பெயர் வந்தது. அன்று அதிகாரி வயிறாரச் சாப்பிட்டார். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ, எனக்கு விளங்கவில்லை.

தலைவர் வரும் நாள். மதியம் பழைய ஹோட்டலின் பின்வாசலில் நின்றபடி அதிகாரி அக்காவைத் தேடினார். காணோம். போன் போட்டார்.

"என்னடா ஆபீசர், அதிசயமா கூப்புடுற?" பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம்.

"எங்கக்கா இருக்க?"

"ஆத்தங்கரை ஹோட்டல்ல. பெரிய மனுஷன் வர்றாருன்னு இங்க எல்லாருக்கும் கை நடுங்குது. பழகின கைதான் வேணும்னு எங்கள வேன்ல ஏத்திட்டு வந்துட்டாங்க. அவரு படுக்கிற கட்டிலுக்கு நாந்தான் விரிப்பு போட்டேன், தெரியுமா?"

பெரிய விருந்தாளி வந்தால் பழைய ஹோட்டல் ஆட்கள் புதியதற்குப் போவது வழக்கம். வாசல் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். கதவு கதவாக எண்ணிய மகராசன் இதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

"அக்கா, தலைவலின்னு சொல்லிட்டு உடனே வெளிய வா."

"விளையாடுறியா? வேலை தலைக்கு மேல கெடக்கு."

"உன் கால்ல விழுறேன். கெளம்புக்கா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க என்னமோ நடக்கப் போகுது. உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"ம்."

"என்கூட வந்தவங்க? இங்க வேலை செய்றவங்க? அவங்களுக்கெல்லாம் யாருடா போன் பண்ணுவா?"

தலைவரின் கார் வளைவில் திரும்பி உள்ளே வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மறு கையால் சல்யூட் அடித்தார்.

"மேல் மாடியில எட்டு பேரு இருக்காங்க. கூட்டிட்டு வர்றேன்," என்றாள் அக்கா.

"வேணாங்க்கா, நீ மட்டும் வா!"

போனில் லிஃப்ட் மணி அடிப்பது கேட்டது. வெளியே வர வேண்டியவள் மேலே போய்க்கொண்டிருந்தாள்.