வெடித்த காய்க்கு ஒரு நட்சத்திரம்

1

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போடிநாயக்கனூர் கடை ஒன்றில், இணையத்தில், ஐம்பது கிராம் ஏலக்காய் வாங்கினேன். அதில் ஒரு காய் வாய் பிளந்திருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். மறுநாள் ஒரு பெண் போனில் வந்து, "அண்ணே, வேற பொட்டலம் அனுப்புறேன். அந்தக் காயைத் தூரப் போட்ராதீங்க, டீயில தட்டிப் போடுங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் பிறந்த கதை இது.

2

முதல் முயற்சி: "குரங்கணி மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த..."

வேண்டாம். ஏலக்காய் என்றதும் பனியை இறக்கிவிடுவது கதை எழுதுகிற எங்களுக்கு உள்ள கெட்ட பழக்கம்.

இரண்டாம் முயற்சி: கலையரசிக்குக் கடை ஒன்று, வாசல் இரண்டு. (இணையக் கடைக்கு ஏது வாசல் என்று கேட்காதீர்கள்.) ஒன்று கம்பெனிகளுக்கு, மற்றது வீடுகளுக்கு. வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் வாங்கிவிட்டு ஆயுசுக்கும் கோபித்துக்கொள்வார்கள். கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கேட்டு, ஈரப்பதம் கேட்டு, மூன்று கையெழுத்துக்குக் காத்திருந்து, நாலு மாதம் கழித்து வாங்குவார்கள். வாங்கிப் பழகிவிட்டால் லேசில் விடமாட்டார்கள். வீட்டுக்குக் காயின் முகம் வேண்டும்: பச்சையாக, பருமனாக, வாய் மூடியிருக்க வேண்டும். அரைத்துப் போடுகிற கம்பெனிக்கு உள்ளே இருக்கும் அரிசி, அதாவது விதை, போதும். வெடித்த காய் விலை மலிவு என்பதால் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

3

மாரீஸ்வரன், கோயம்புத்தூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. வெடித்த காய், மாதம் முந்நூறு கிலோ. முடிவை நாளை சொல்வதாக மெயில் போட்டிருந்தார். அது கிடைத்தால் காய் பிரிக்கிற ராமுத்தாயையும் இன்னும் மூன்று பெண்களையும் கோடையில் வேலையை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. கலையரசி சாமிக்கு நேர்ந்துகொள்ளாத குறைதான்.

அன்று மத்தியானம் வீடுகளுக்கான வாசலில் ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது. "ஒரு காய் வெடித்திருக்கிறது. ஏமாற்று வேலை." யாரென்று பார்த்தாள். மெயிலின் அடியில் இருந்த அதே பெயர், அதே போன் நம்பர்.

(இங்கே எனக்கே சந்தேகம். இவ்வளவு வாகாக ஒரு மனிதர் மாட்டுவாரா? ஆனால் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஓரம் மடங்கிய தாளை மலிவாகக் கேட்டு வாங்குகிறவன் நானேதான். நேற்றுகூட வாங்கினேன்.)

4

"சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலக்கா. ஆபீசுல முந்நூறு கிலோ கேக்குறாரு, வீட்டுல ஒத்தக் காயைப் பொறுக்க மாட்டேங்கிறாரு" என்றாள் கலையரசி.

ராமுத்தாய் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "அங்க சம்பளத்துக்கு வாங்குறாரு, இங்க சம்பளத்துல வாங்குறாரு. வலிக்கத்தான செய்யும்?"

"என்ன பதில் போட?"

"ரெண்டும் ஒரே ஆளுன்னா ஒரே பதில் போதாதா ஆத்தா? வெரசா போடு, சோலி கெடக்கு."

முடிவு ஒன்று: கலையரசி அவமானத்தை விழுங்கிக்கொண்டு 'மன்னிக்கவும் சார்' என்று மட்டும்... அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு இரண்டு: ஊர் பார்க்க அவர் மானத்தை வாங்கி... நாலு பேர் பிழைப்பு இருக்கிறது. இதையும் அடித்துவிட்டேன்.

கடைசியில் அவளே மெயிலில் தட்டினாள்: "ஐயா, தங்கள் வீட்டுக்கு ஒரு காய் வெடித்து வந்ததற்கு வருந்துகிறேன். மாற்றுப் பொட்டலம் கிளம்பிவிட்டது. தங்கள் கம்பெனிக்கு வெடித்த காய் முந்நூறு கிலோவும் தயார். நானே பார்த்துவிட்டேன், வாய் மூடிய காய் ஒன்றுகூட அதில் கலக்கவில்லை."

5

மாரீஸ்வரன் ஆபீசில் மெயிலைத் திறக்கிறார். அடுத்த வரியை மூன்று முறை எழுதிவிட்டேன். 'சிரித்துவிட்டார்' என்று ஒரு தடவை. 'முகம் சிவந்தது' என்று இரண்டு தடவை. மூன்றையும் அடித்தாயிற்று. குற்றவாளியே தீர்ப்பு எழுதக் கூடாது.

என் நட்சத்திரத்தை மட்டும் ஐந்தாக்கிவிட்டேன். ராமுத்தாயின் கோடை இன்னும் மாரீஸ்வரனின் விரல் நுனியில் நிற்கிறது. நீங்களும் எப்போதோ, எதற்கோ, ஒற்றை நட்சத்திரம் போட்டவர்தானே? அவர் என்ன செய்வார் என்று நீங்களே சொல்லுங்கள்.